அம்பு எய்த மரப்பையன்!

பற்பசை அட்டைப் பெட்டியில் உடம்பு, தீப்பெட்டியில் தலை, சோடா மூடியில் கண், பழைய பேனா மூடியில் கை... இப்படி ஒட்டி வைத்து ரோபோ பொம்மை செய்து விளையாடியிருக்கிறீர்களா?

கடையில் வாங்கும் ரோபோவை விட, நாமே செய்த ரோபோவுக்குத்தான் அழகு அதிகம். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு, வாய் ஒரு பக்கம் கோணல் என்று அப்படியே கார்ட்டூனில் வருகிற மாதிரி இருக்கும். ஆனால், அதில் ஒரே ஒரு குறை உண்டு. அது தானாக அசையாது. நாம்தான் கையில் பிடித்து ஆட்ட வேண்டும்.

பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது, மின்சாரமே கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில், மரத்தாலும் நூலாலும் செய்த ஒரு பொம்மைப் பையனை, தானே அம்பு எடுத்து, தானே நாணில் பூட்டி, தானே குறி பார்த்து எய்ய வைத்தார் ஒருவர். அவர் பெயர் தனகா ஹிசாஷிகே. ஜப்பான்காரர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

அதற்கு முன், ஒரு நடை கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டு வந்துவிடுவோமா?

கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பம் செதுக்கும் கலைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாகை, வேம்பு போன்ற மரங்களில் சாமி சிலைகள், யானை, அன்னம், வாசல்படி வேலைப்பாடு என்று அற்புதமாகச் செய்வார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தப் பட்டறை ஒன்றில் போய் நின்று பாருங்கள். சிற்பி உடனே உளியை எடுத்து வெட்ட ஆரம்பிக்க மாட்டார். மரத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பார். எதற்குத் தெரியுமா? மரத்தில் ரேகை எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான். ரேகையோடு போனால் உளி வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்துப் போனால் மரம் பிளந்துவிடும். விரல், மூக்கு, அம்பு போன்ற மெல்லிய பாகங்களை ரேகைக்குக் குறுக்கே செதுக்கினால், பட்டென்று ஒடிந்துபோகும்.

இந்த ரேகை விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இப்போது ஜப்பானுக்குப் போகலாம்.

ஜப்பானின் தெற்கில் கியூஷு என்ற பெரிய தீவு இருக்கிறது. அதில் குருமே என்று ஓர் ஊர். அங்கே 1799ம் ஆண்டு பிறந்தார் தனகா. சின்ன வயசில் அவருக்கு கியேமோன் என்று பெயர். அப்பா, ஆமை ஓட்டில் சீப்பு, கொண்டை ஊசி போன்ற அலங்காரப் பொருட்கள் செய்யும் கைவினைஞர். ஆமை ஓடு மிக மெல்லியது. சூடாக்கி, வளைத்து, அரத்தால் ராவி, பளபளவென்று மெருகேற்ற வேண்டும். கொஞ்சம் கை தவறினாலும் பொருள் பாழ். அந்தப் பட்டறையில் தவழ்ந்து வளர்ந்த பையனுக்கு, கை நிதானம் தானாகவே வந்துவிட்டது.

பள்ளியில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் மையைக் கல்லில் உரைத்துத் தூரிகையால் எழுதுவார்கள். அந்த மைக்கல்லை வைத்துக்கொள்ள ஆளுக்கொரு பெட்டி. கூடப் படிக்கும் வால் பையன்கள் கியேமோனின் பெட்டியைத் திறந்து திறந்து குறும்பு செய்தார்களாம். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்துப்போகிற ஆட்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்களே, அந்த மாதிரி!

கியேமோன் சண்டைக்குப் போகவில்லை. வாத்தியாரிடமும் போகவில்லை. பெட்டிக்கு ஒரு ரகசியப் பூட்டு செய்தான். பார்த்தால் பூட்டே தெரியாது. ஒரு கயிறு மட்டும் இருக்கும். அதைக் குறிப்பிட்ட விதத்தில் முறுக்கினால்தான் பெட்டி திறக்கும். பையன்கள் இழுத்தார்கள், தட்டினார்கள், குலுக்கினார்கள்... ம்ஹூம்! அப்போது அவனுக்கு வயது எட்டோ, ஒன்பதோதான்.

இந்தச் செய்தி ஊருக்குள் பரவியது. அதே ஊரில் இனோவே டென் என்று ஒரு நெசவுக்காரப் பெண்மணி இருந்தார். நூலை முதலிலேயே அங்கங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு அந்த நூலைத் தறியில் நெய்து பூ விழ வைக்கும் முறையை, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தானாகக் கண்டுபிடித்தவர். நம் நாட்டில் போச்சம்பள்ளிச் சேலை நெய்கிறார்களே, ஏறக்குறைய அந்த முறை. அவருக்குப் புள்ளியும் கட்டமும் நெய்ய வந்தது. படம் படமாக நெய்ய வேண்டும் என்று ஆசை, அதுதான் வரவில்லை. யாரிடம் யோசனை கேட்டார் தெரியுமா? 15 வயதுகூடச் சரியாக நிரம்பாத நம் கியேமோனிடம்! அவன் யோசித்து, படம் விழும்படி நெய்ய வழி செய்து கொடுத்தான். குருமே நகரத் துணி இன்றைக்கும் ஜப்பானில் பெயர் பெற்றது.

ஊரில் ஒரு கோயில் இருந்தது. ஐந்து தானியங்களைக் காக்கும் தெய்வத்துக்கான கோயில். திருவிழா வந்தால் ராட்டினம், வளையல் கடை, பலகாரக் கடை என்று நம் ஊர்த் தேர்த்திருவிழா மாதிரியே கூட்டம் அலைமோதும். அங்கே பொம்மலாட்டம் போடுவார்கள். சாதாரணப் பொம்மலாட்டம் இல்லை. தானாக இயங்கும் பொம்மைகள்! ஜப்பான் மொழியில் அவற்றுக்கு காராகுரி என்று பெயர்.

தனகா பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1796ல், ஹோசோகாவா ஹான்ஸோ என்பவர் இந்தப் பொம்மைகளைச் செய்வது எப்படி என்று படம் போட்டுப் புத்தகமே வெளியிட்டிருந்தார். அதில் வரும் தேநீர்ப் பொம்மை ரொம்பப் பிரபலம். பொம்மையின் கையில் இருக்கும் தட்டில் தேநீர்க் கோப்பையை வைத்தால், அது விருந்தாளியை நோக்கி நடந்து போகும். அவர் கோப்பையை எடுத்ததும் நின்றுவிடும். குடித்துவிட்டுக் காலிக் கோப்பையைத் தட்டில் வைத்தால், திரும்பி வந்த வழியே போய்விடும். உள்ளே சாவி கொடுக்கும் சுருள்வில் இருக்கும். அது இரும்பால் ஆனதல்ல. திமிங்கிலத்தின் வாய்க்குள் வரிசையாகத் தொங்கும் வளையும் தட்டுகளால் செய்தது.

பொம்மையைத் தானாக ஆட வைக்கும் ஆசை ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. 11ம் நூற்றாண்டில் ஆண்ட போஜராஜன் பெயரில் வழங்கும் கட்டடக் கலை நூலிலேயே இயந்திரப் பொம்மைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், இடுப்பை ஆட்டும் நாட்டியப் பொம்மையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

சரி, கியேமோனிடம் வருவோம். அவர் தண்ணீரின் வேகம், காற்றின் அழுத்தம், கனத்தின் இழுப்பு எல்லாவற்றையும் பயன்படுத்திப் புதுப்புதுப் பொம்மைகளைச் செய்து திருவிழாவில் ஆட விட்டார். கூட்டம் அம்மியது. காராகுரி கியேமோன் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது.

வீட்டில்தான் சிக்கல். அவர் மூத்த மகன். அந்தக் காலத்து ஜப்பானில், அப்பாவின் தொழில் மூத்த மகனுக்குத்தான். அவன் அதை எடுத்து நடத்தியே ஆக வேண்டும். பொம்மை செய்து பிழைப்பு நடத்துவதாவது! நன்றாக ஓடுகிற ஆமை ஓட்டுப் பட்டறையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் பொம்மைகளும் இயந்திரங்களும் போதும் என்று முடிவெடுத்தார் அவர். துணிச்சலான முடிவு என்றுதான் இன்று நமக்குத் தோன்றும். அன்றைக்கு அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ!

1820களில் பொம்மைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். ஒசாகா, கியோட்டோ, எடோ என்று பெரிய நகரங்களில் எல்லாம் காட்சி நடத்தினார். எடோ என்பதுதான் இன்றைய டோக்கியோ.

அந்தப் பொம்மைகளிலேயே உச்சம், அம்பு எய்யும் பையன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

ஒரு மேடை. அதன்மேல் பட்டு உடை உடுத்திய குட்டிப் பையன். கையில் வில். பக்கத்தில் அம்புகள் வைத்த சின்னத் தாங்கி. சற்றுத் தள்ளி இலக்கு. சாவி கொடுத்து விட்டதும், பையன் தலையைத் திருப்பி அம்புகளைப் பார்ப்பான். கையை நீட்டி ஒன்றை எடுப்பான். நாணில் பூட்டுவான். தலையைத் தூக்கி இலக்கைப் பார்ப்பான். இழுப்பான்... விடுவான். அம்பு போய்க் குத்தும். இப்படியே நான்கு அம்புகள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான்கில் ஓர் அம்பு குறி தவறும். பொம்மை பழுதாகிவிட்டதோ என்று நினைக்காதீர்கள். தவற வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார் தனகா! நான்கும் சரியாகப் போனால் அது வெறும் இயந்திரம். ஒன்று தவறி, அடுத்தது சரியாகப் போனால், பார்க்கிறவர்கள், அடடா, என்று உச்சுக்கொட்டி, பிறகு கை தட்டுவார்கள். அந்தப் பொம்மையை ஒரு பையனாகவே நினைத்துவிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கை, முகம். அது மரத்தில் செதுக்கிய முகம்தான். கண் சிமிட்டாது, உதடு அசையாது. ஆனாலும், அம்பு பட்டதும் சிரிப்பது போலவும், தவறியதும் வாடுவது போலவும் தெரியும். எப்படி? தலையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் முகத்தில் வெளிச்சம் விழும். சிரிப்பது மாதிரி இருக்கும். கொஞ்சம் கீழே சாய்த்தால் நிழல் விழும். வருத்தம் மாதிரி இருக்கும். கார்ட்டூன் வரைகிறவர்களும் நாலே கோட்டில் ஒரு முகத்தைப் போட்டுவிட்டு, தலையைச் சாய்த்துத்தானே அழவும் சிரிக்கவும் வைக்கிறார்கள்? நீங்கள் செய்த தீப்பெட்டி ரோபோவை விளக்குக்குக் கீழே வைத்து, தலையை மட்டும் சாய்த்துப் பாருங்கள். உங்களுக்கே தெரியும்.

இத்தனை அசைவுக்கும் காரணம் மேடைக்குள் ஒளிந்திருக்கிறது. வட்டமான தட்டுகள் வரிசையாக ஒரே அச்சில் சுற்றும். அவற்றின் விளிம்பு சீராக இருக்காது. மேடும் பள்ளமுமாக இருக்கும். விளிம்பின்மேல் ஒரு குச்சி உட்கார்ந்திருக்கும். மேடு வந்தால் குச்சி ஏறும். பள்ளம் வந்தால் இறங்கும். குச்சியில் கட்டிய நூல் பொம்மையின் கையையோ, தலையையோ இழுக்கும். அவ்வளவுதான்!

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஓர் ஏற்றம், ஒரு வளைவு, கொஞ்சம் இறக்கம், மறுபடி ஏற்றம். பஸ் டிரைவர் நினைத்தால்கூட அந்த வரிசையை மாற்ற முடியாது. ரோடு எப்படிப் போகிறதோ, அப்படித்தான் பஸ் ஏறி இறங்க வேண்டும். அந்த மலை ரோட்டை அப்படியே சுருட்டி வட்டமாக்கினால் என்ன கிடைக்குமோ, அதுதான் தனகாவின் தட்டு. எந்த நேரத்தில் கை தூக்க வேண்டும், எப்போது தலை திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த மேடு பள்ளத்தில் எழுதி வைத்த கட்டளைகள். கம்ப்யூட்டர் புரோகிராம் என்கிறோமே, அதற்கு இவர் மரத்தில் தாத்தா!

மரப் பல்சக்கரம் செய்வதில்தான் நம் கள்ளக்குறிச்சி ரேகை வருகிறது. ஒரே பலகையில் வட்டமாக வெட்டிப் பல் வைத்தால், சில பற்களில் ரேகை நீளவாக்கில் ஓடும்; சில பற்களில் குறுக்கே ஓடும். குறுக்கே ஓடும் பற்கள் சீக்கிரமே ஒடிந்துவிடும். அதனால், காராகுரி செய்பவர்கள் மரத்தை விசிறி போலத் துண்டு துண்டாக வெட்டி, எல்லாத் துண்டிலும் ரேகை நடுவிலிருந்து வெளியே பார்க்கும்படி ஒட்டி, அதற்குப் பிறகுதான் பல் வெட்டுவார்கள். கடல் கடந்த தேசத்துத் தச்சரும் நம் ஊர்ச் சிற்பியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மரம் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். காலணிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் முட்டை வடிவத்தில் ஒரு தட்டு வெட்டுங்கள். பழைய சைக்கிள் கம்பியை, தட்டின் நடுவில் இல்லாமல் சற்று ஓரமாகக் குத்தி, பெட்டியின் இரண்டு பக்கமும் வெளியே வரும்படி செருகுங்கள். ஒரு முனையை வளைத்தால் கைப்பிடி. பெட்டியின் மேல்பக்கம், தட்டுக்கு நேராகத் துளை போட்டு, காலி பேனாக் குழாயை ஒட்டுங்கள். குழாய்க்குள் தாராளமாக ஏறி இறங்கும் ஒரு குச்சி. குச்சியின் அடியில் வட்டமான கனத்த அட்டை. அந்த அட்டை, முட்டைத் தட்டின்மேல் உட்கார வேண்டும். குச்சியின் உச்சியில் உங்கள் ரோபோ. கைப்பிடியைச் சுற்றுங்கள், ரோபோ குதிக்கும்! முட்டைத் தட்டைக் குச்சிக்கு நேர்கீழே வைக்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைத்தால், குதிப்பதோடு சுற்றவும் சுற்றும். கம்பி வெட்டும் வேலையை மட்டும் அப்பாவிடமோ, அண்ணனிடமோ விட்டுவிடுங்கள்.

தனகா அம்புப் பையனோடு நிற்கவில்லை. எழுதும் பொம்மை ஒன்றும் செய்தார். தூரிகையை மையில் தொட்டு, தாளில் நான்கு எழுத்துகள் எழுதும். தூரிகை போகும் திசையில் அதன் தலையும் போகும். நெடுங்காலம் கழித்து, இந்தப் பொம்மை அமெரிக்காவில் இருப்பது தெரிந்து, ஜப்பானுக்குத் திரும்பிக் கொண்டுவரப்பட்டது.

1834ல் ஒசாகா நகரத்துக்குக் குடி போனார் தனகா. அப்போது ஜப்பானில் கடும் பஞ்சம். அரிசி விலை எகிறிவிட்டது. வயிறு காய்கிறபோது பொம்மை பார்க்கக் காசு கொடுக்கிறவர் யார்? மக்களுக்குத் தினசரி உதவுகிற பொருட்களின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்று செய்தார். ராத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும் வைத்தியர்களுக்கு எவ்வளவு உபயோகம், யோசித்துப் பாருங்கள்!

1837ல் பேரிடி விழுந்தது. பசித்த மக்களுக்கு ஆதரவாக ஒசாகாவில் ஒரு கலகம் மூண்டது. அந்தக் கலகத்தில் பற்றிய தீ, நகரத்தின் ஒரு பகுதியைத் தின்றது. தனகாவின் வீடும் எரிந்துபோனது. பட்டறையும் கருவியும் போனால் ஒரு கைவினைஞருக்கு என்ன மிச்சம்? குடும்பத்தோடு கியோட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் புஷிமிக்குப் போய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அங்கேதான் அவருடைய பிரசித்தமான விளக்கு பிறந்தது. சாதாரண எண்ணெய் விளக்கில் என்ன தொல்லை? எண்ணெய் குறையக் குறையச் சுடர் மங்கும். யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தனகா விளக்கின் அடியில் காற்றை அடைத்தார். அழுத்தப்பட்ட காற்று எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சுடர் மங்கவே மங்காது. மெழுகுவர்த்தியை விடப் பல மடங்கு வெளிச்சம். கடைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். தன் வீட்டைத் தீயில் பறிகொடுத்தவர் அல்லவா? தீயை அணைக்கத் தண்ணீர் பீய்ச்சும் கைப்பம்பு ஒன்றையும் உருவாக்கினார்.

வியாபாரம் நன்றாக நடக்கிறது. வயது 48. மற்றவர்களாக இருந்தால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். தனகா, மறுபடியும் மாணவரானார்! கடிகாரம் செய்ய வேண்டும் என்றால், சூரியனும் சந்திரனும் எப்படி நகர்கின்றன என்று தெரிய வேண்டுமே. அதனால், 1847ல் கியோட்டோவில் பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரைக் குடும்பம் ஒன்றில் சேர்ந்து வானவியல் படித்தார்.

1850ல் ஒரு விசித்திரமான கடிகாரம் செய்தார். நம் புராணங்களில் மேருமலை வருகிறதல்லவா? அதே மேருதான் புத்த மதத்திலும் உலகத்தின் நடுவில் நிற்கிறது. நடுவில் மேரு, சுற்றிலும் கடல், அதைச் சுற்றி வரும் சூரிய சந்திரர் என்று பழைய சாஸ்திரத்தில் சொன்னபடியே ஓடும் கடிகாரம் அது.

அடுத்த ஆண்டே, 1851ல், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய வேலை முடிந்தது. அதற்கு பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம் என்று செல்லப் பெயர்.

அதன் பெருமை புரிய வேண்டுமானால், அந்தக் காலத்து ஜப்பான் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை ஆறு பங்கு; மறைவதிலிருந்து உதிப்பது வரை ஆறு பங்கு. இதுதான் அவர்களுடைய நேரம். நம் கள்ளக்குறிச்சியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். கியோட்டோவில் அப்படியில்லை. கோடையில் பகல் சுமார் 14.30 மணி நேரம். குளிர்காலத்தில் சுமார் 9.50 மணி நேரம். ஆக, கோடையில் பகலின் ஒரு பங்கு கிட்டத்தட்ட 2 மணி 25 நிமிடம். குளிர்காலத்தில் அதே பங்கு 1 மணி 38 நிமிடம்! ரப்பர் மாதிரி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிற நேரத்துக்குக் கடிகாரம் செய்வது எப்படி?

மற்ற கடிகாரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முகப்பில் இருக்கும் நேரக் குறிகளைச் சில நாளுக்கு ஒரு முறை கையால் நகர்த்தி வைத்தார்கள். தனகாவின் கடிகாரத்தில் அந்தக் குறிகள் தானாகவே நகரும். கோடை வந்தால் பகல் குறிகள் விலகி நிற்கும். குளிர் வந்தால் நெருங்கி நிற்கும். பூச்சியின் கால் போல விநோத வடிவில் பல் வைத்த ஒரு சக்கரம் உள்ளே இருந்து இதைச் செய்தது.

இது ஒரு முகப்பு மட்டும்தான். மொத்தம் ஆறு முகப்புகள்! கிழமை, சந்திரனின் பிறை, பருவங்கள், அறுபது சுற்றுக் கணக்கு, மேல்நாட்டு நேரம் எல்லாம் தனித்தனியே காட்டும். அறுபது சுற்று என்றதும், பிரபவ, விபவ என்று நம் தமிழ் வருஷ அறுபது ஞாபகம் வருகிறதா? உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஜப்பான் வரைபடத்தின் மேல் சூரியனும் சந்திரனும் நகரும். ஒரு தடவை சாவி கொடுத்தால், ஒரு வருஷம் ஓடும்படி திட்டமிட்டிருந்தார். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். அரமும் ரம்பமும் வைத்து ஒவ்வொன்றையும் கையாலேயே செய்தது.

2004ல் ஜப்பானில் இந்தக் கடிகாரத்தைப் பிரித்து ஆராய்ந்து, அதே போல ஒன்று செய்ய முயன்றார்கள். கம்ப்யூட்டரும் நவீனக் கருவிகளும் கையில் வைத்திருந்த பொறியாளர்களே திணறித்தான் போனார்கள். அந்த நகல் 2005ல் அய்ச்சி மாகாணத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அசல், டோக்கியோவில் உள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு ஜப்பான். 1853ல் அமெரிக்க நீராவிப் போர்க்கப்பல்கள் புகை கக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றன. நாடே நடுங்கியது. இந்த மாதிரிக் கப்பலை நாமே செய்ய முடியுமா என்ற கேள்வி எழுந்தது. கியூஷு தீவில் இருந்த சாகா ராஜ்ஜியம், அதற்குத் தகுந்த ஆளைத் தேடியது. பொம்மைக்காரர் தனகாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போனவர் சானோ சுனேதாமி. பிற்காலத்தில் ஜப்பானில் செஞ்சிலுவைச் சங்கத்தை ஆரம்பித்தவர் இவர்தான்.

அதே 1853ல் நாகசாகி துறைமுகத்துக்கு வந்த ரஷ்யக் கப்பலில், மேசைமேல் ஓடும் ஒரு குட்டி நீராவி இயந்திரத்தை சாகாக்காரர்கள் பார்த்திருந்தார்கள். தனகாவும் அவர் கூட்டாளிகளும் புத்தகங்களைப் புரட்டி, 1855ல் ஒரு மாதிரி ரயில் என்ஜினைச் செய்தே விட்டார்கள். சாராயத்தை எரித்து நீராவி உண்டாக்கி, சின்னத் தண்டவாளத்தில் சிக்குபுக்கென்று ஓடியது. பெரியவர்கள் எல்லாம் குனிந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அது பொம்மைதான், ஆனால், ஜப்பானியர் செய்த முதல் என்ஜின். அடுத்த வருஷம், 1856ல்தான் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ஜப்பானில் நிஜ ரயில் ஓட 1872 ஆகிவிட்டது.

சந்தோஷமான கதையாகவே போய்க்கொண்டிருக்கிறது, இல்லையா? 1864ல் அவர் வாழ்க்கையில் இருள் சூழ்ந்தது. வேலை விஷயமாக அவருடைய மகனும் பேரனும் நாகசாகிக்குப் போயிருந்தார்கள். அங்கே கூட வேலை பார்த்த ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அவர் கையாலேயே மகன், பேரன் இருவரும் கொல்லப்பட்டார்கள். தனகாவுக்கு அப்போது 65 வயது. தொழிலைக் கற்றுக்கொடுத்து வளர்த்த வாரிசும் போய், அந்த வாரிசின் வாரிசும் போய்விட்டது.

அவர் சொந்த ஊரான குருமேவுக்குத் திரும்பினார். அப்பாவின் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பொம்மைகளோடு புறப்பட்டுப் போன அதே ஊர். அங்கேயும் கை சும்மா இருக்கவில்லை. ராஜ்ஜியத்துக்காக வேலை செய்துகொண்டே இருந்தார்.

பிறகு ராஜ்ஜியங்களே போய், ஜப்பான் முழுவதும் ஒரே அரசாங்கம் ஆனது. தந்தி வந்துவிட்டது. தந்திக் கருவியை எத்தனை நாள் வெளிநாட்டிலிருந்தே வாங்குவது? 1873ல் டோக்கியோவிலிருந்து தனகாவுக்கு அழைப்பு வந்தது. வயது எழுபதைத் தாண்டி, எண்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர் மூட்டையைக் கட்டினார்!

1875ல் டோக்கியோவின் கின்சா பகுதியில் கடையும் பட்டறையுமாக ஓர் இடம் பிடித்தார். எந்த இயந்திரம் வேண்டுமானாலும் கேளுங்கள், யோசித்துச் செய்து தருகிறோம் என்ற பொருளில் வாசலில் பலகை மாட்டினார். அங்கே தந்திக் கருவிகள் தயாராயின. பொம்மைப் பையனின் கையை இழுத்த அதே நுணுக்கம், இப்போது செய்தி அனுப்பும் கருவிக்குள் புகுந்துகொண்டது.

1881 நவம்பர் 7ம் தேதி, 82வது வயதில் தனகா காலமானார். ரோபோ என்ற சொல்லே அப்போது உலகத்தில் கிடையாது. அவர் இறந்து 39 ஆண்டுகள் கழித்து, 1920ல், செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்தில்தான் அது பிறந்தது.

அவருடைய வளர்ப்பு மகன், அடுத்த ஆண்டே ஷிபௌரா என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டினார். அது வளர்ந்து ஷிபௌரா இன்ஜினியரிங் ஒர்க்ஸ் ஆனது. 1939ல் டோக்கியோ எலக்ட்ரிக் என்ற இன்னொரு கம்பெனியோடு இணைந்தது. டோக்கியோவில் டோ, ஷிபௌராவில் ஷிபா... சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். டோஷிபா! உங்கள் வீட்டிலோ, சித்தப்பா ஆபீசிலோ அந்தப் பெயர் போட்ட டி.வி.யையோ, லேப்டாப்பையோ பார்த்திருப்பீர்களே, அந்தக் கம்பெனிதான்.

குருமே ரயில் நிலையத்தின் வாசலில் இப்போது ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. பார்க்க ஜப்பானிய முரசு மாதிரி இருக்கும். குறித்த நேரம் வந்ததும் அதற்குள்ளிருந்து இசை கேட்கும், கதவு திறக்கும். போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பொம்மை வெளியே வரும். அந்தப் பொம்மை வேறு யாருமல்ல, நம் தனகாதான்!